எல்லா ஹார்மோனும் ஒரே பாட்டிலில்: ‘எதிர்ப்பு சக்தி’ டானிக்கும் பின் அலமாரி சூடோமோனாஸும்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், நாற்று நடுகிற அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். உரக்கடைக்கு ஐந்துக்கு நான்கு. கடை மேசையில் முன்வரிசையில் நிற்கிற ‘எதிர்ப்பு சக்தி’ டானிக்குக்கு ஐந்துக்கு ஒன்று. அதே கடையின் பின் அலமாரியில் யாரும் சீந்தாமல் கிடக்கிற சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடிப் பொட்டலத்துக்கு ஐந்துக்கு நாலரை. கடை பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது என்பதற்கு மேல் விலாசம் சொல்லப்போவதில்லை, டானிக்கின் பெயரும் இங்கே வராது. இதே வகைச் சரக்கு வேறு வேறு பெயரில் கோபியிலும் கிடைக்கிறது, தாராபுரத்திலும் கிடைக்கிறது, மூடியின் நிறம்தான் மாறுகிறது, அதனால் பெயரைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடையைப் பற்றிச் சுருக்கமாக. கேட்காமலே பில் தருகிறார்கள், காலாவதித் தேதியைப் பார்த்து எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். கருகின இலை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் உடனே பாட்டிலை எடுக்காமல் “வேரோட ஒரு செடி புடுங்கிட்டு வாங்ணா” என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரை இந்தப் பக்கம் அதிகம் பார்க்க முடியாது. ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் அந்த டானிக்கை அவர் வருகிற எல்லோருக்கும் சிபாரிசு செய்வதுதான். “ஏனுங்ணா, புழு, கருகல், வாடல், வைரஸ் அத்தனைக்கும் இது ஒண்ணு போதுமுங்க. எல்லா ஹார்மோனும் ஒண்ணாச் சேர்ந்திருக்கறதுனாலதானுங்க இந்த வெல” என்றார். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை, கம்பெனிக்காரர்கள் ஓட்டலில் மீட்டிங் போட்டுச் சாப்பாடும் போட்டுச் சொன்னதை நம்பித் திருப்பிச் சொல்கிறார். ஆனால் அந்த ‘எல்லாம் ஒண்ணா’ என்பதுதான் இந்தச் சரக்கின் கோளாறே.

லேபிளில் சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனேட், ஜிப்ரலிக் அமிலம், சைட்டோகைனின், கடற்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ அமிலம் என்று வரிசையாக இருக்கிறது. எது எத்தனை சதவீதம் என்று எங்கேயும் இல்லை. டேங்குக்கு இத்தனை மூடி என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது, தக்காளிக்கும் அதே மூடி, தென்னைக்கும் அதே மூடி. ஜிப்ரலிக் அமிலம் மாதிரியான வளர்ச்சி ஊக்கிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டியவை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ வகையறாக்கள் 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. இந்த பாட்டிலில் இரண்டு பதிவு எண்ணும் இல்லை, மயில் படம் ஒன்று இருக்கிறது. படம் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, ஏன் ஒன்றாகக் கலந்தால் கோளாறு? இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் அடுத்த வருடம் வேறு பெயரில் வேறு மூடியில் வருகிற பாட்டிலையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

நம் உடம்பில் ரத்தத்தோடு சுற்றிவந்து கிருமியைப் பிடிக்கிற வெள்ளையணு மாதிரி செடிக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே காவல், ஓரிடத்தில் அடிபட்டால் மற்ற இடங்களுக்குச் சேதி சொல்வதில் பெரும்பங்கு ஹார்மோன்களுடையது. அந்தச் சேதி எல்லா எதிரிக்கும் ஒன்றல்ல என்பதுதான் முக்கியம். சாம்பல் நோய்ப் பூஞ்சை, துரு நோய்ப் பூஞ்சை, வைரஸ் எல்லாம் உயிருள்ள செல்லில் குடியிருந்து தின்பவை. இவை வந்தால் செடி சாலிசிலிக் அமிலத்தைக் கூட்டுகிறது, நோய் நுழைந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்து எதிரிக்குச் சோறு கிடைக்காமல் செய்கிறது. ஆனால் நம் தக்காளியில் வளையம் வளையமாகக் கருகல் போடுகிற ஆல்டர்னேரியா வேறு ஜாதி. அது செல்லைக் கொன்றுவிட்டுச் செத்ததைத் தின்கிற பூஞ்சை, அதற்கு முன்னால் செல்கள் தானாகச் செத்தால் விருந்துதான். அந்த வகைக்கு எதிராகச் செடி பெரும்பாலும் நம்புவது ஜாஸ்மோனிக் அமிலமும் (லேபிளில் ஜாஸ்மோனேட் என்று இருப்பது இந்தக் குடும்பம்தான்) எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த வழியை. கடித்துத் தின்கிற புழு வந்தாலும் ஜாஸ்மோனிக் அமிலம்தான், அதற்குக் கூட்டாளி மட்டும் மாறுகிறது, எத்திலீனுக்குப் பதில் வறட்சியில் இலைத்துளையை மூடவைக்கிற ஆப்சிசிக் அமிலம்.

இதில் சாலிசிலிக் வழியும் ஜாஸ்மோனிக் வழியும் பல செடிகளில் ஒன்றையொன்று அமுக்குகின்றன. ஒரே கிணற்றில் பங்கு வைத்திருக்கிற இரண்டு பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மோட்டார் ஓடும்போது இன்னொருவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறாது. செடிக்கு அது வேண்டியதுதான், இருக்கிற மாவுச்சத்தை எந்த எதிரிக்குச் செலவழிப்பது என்று அது முடிவு பண்ணியாக வேண்டும். நாம் வெளியிலிருந்து இரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது அளவையும் நேரத்தையும் பொறுத்தது, அந்த அளவைத்தான் லேபிள் சொல்ல மறுக்கிறது.

இந்தப் பங்காளித் தகராறு நமக்குத் தெரியாமல் போனாலும் பூச்சிக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது செடியில் சாலிசிலிக் வழியைக் கிளப்பிவிடுகிறது, அதனால் தன்னை நிஜமாகவே தொந்தரவு செய்யக்கூடிய ஜாஸ்மோனிக் வழி அடங்கிவிடுகிறது. தக்காளியிலேயே 2019இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளை ஈ பிடித்த செடி விடுகிற வாசனை பக்கத்துச் செடிகளையும் தவறான எதிரிக்குத் தயார்ப்படுத்தி, ஈ அங்கே போகும்போது வேலையை லேசாக்கிவிடுகிறது என்று காட்டியது. இலைச்சுருட்டு வைரஸைத் தூக்கிக்கொண்டு வருவதே இந்த ஈதான். அப்படியிருக்க வெள்ளை ஈ ஏறி நிற்கிற தோட்டத்தில் அளவு தெரியாத சாலிசிலிக் அமிலத்தை இலைமேல் அடிப்பது யாருக்கு உபகாரம் என்று யோசியுங்கள்.

பாக்டீரியாவும் சளைத்ததில்லை. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று ஒன்று, தக்காளியில் புள்ளி நோய் போடுவது. அதன் சில வகைகள் ஜாஸ்மோனிக் அமிலத்தின் செயல்வடிவத்தை அப்படியே நகலெடுத்த கொரோனட்டின் என்ற நஞ்சைத் தயாரிக்கின்றன. செடி அதை நம்பி சாலிசிலிக் பக்கத்தை அமுக்குகிறது, கிருமி வருவதைப் பார்த்து மூடிய இலைத்துளையைக்கூடத் திறந்துவிடுகிறது, பாக்டீரியா உள்ளே போகிறது. (பெயரில் சூடோமோனாஸ் இருக்கிறதே என்று பின் அலமாரிப் பொட்டலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். பேரினம் ஒன்று, குணம் வேறு.)

அடுத்தது ஜிப்ரலிக் அமிலம். இதை எதிர்ப்பு சக்தி பாட்டிலில் போட்டதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஜிப்ரலிக் அமிலம் சேர்ந்த ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு நோயிலிருந்துதான். நெல் நாற்று கிடுகிடுவென்று வெளிறி உயர்ந்து சாய்ந்து சாகிற நோய்க்குப் பூஞ்சை சுரக்கிற ஏதோ ஒரு பொருள் காரணம் என்று குரோசாவா என்ற ஜப்பானியர் 1926இல் காட்டினார், அந்தப் பொருள்தான் இது. செடிக்குள் டெல்லா என்று ஒரு புரத வகை வளர்ச்சிக்குப் பிரேக் போடுகிறது, அதே புரதம் ஜாஸ்மோனிக் வழிக்குக் கைகொடுக்கவும் செய்கிறது. ஜிப்ரெல்லின் கூடினால் டெல்லா அழிகிறது, செடி நீள்கிறது, புழுவுக்கும் கருகலுக்கும் எதிரான பக்கம் தளர்கிறது. வளர்ச்சியா பாதுகாப்பா என்று செடி கணக்குப் போடுகிற இடமே இதுதான். திராட்சையில் கொத்து நீள ஜிப்ரலிக் அடிக்கிறார்கள், அதற்கு ஒரு பருவம், ஒரு அளவு இருக்கிறது, அது வேறு விஷயம். புழுவை எதிர்க்க என்று சொல்லி அதை விற்பது எந்தக் கணக்கு?

டானிக் கம்பெனிக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் பேசிவிடலாம். மேலே சொன்ன தகராறுகளில் பல, அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு கடுகு இனச் செடியில்தான் முதலில் தெளிவாயின. எல்லாப் பயிரும் அதே சட்டத்துக்குக் கட்டுப்படாது. நெல்லை எடுத்துக்கொண்டால் இலையில் சாலிசிலிக் அமிலம் எப்போதுமே நிறைய இருக்கிறது, இரண்டு வழிகளும் நிறைய இடங்களில் கைகோத்தே போகின்றன, காலிங்கராயன் வாய்க்கால் நெல் வயலுக்கும் நம் தக்காளித் தோட்டத்துக்கும் ஒரே மருந்து சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஹார்மோன் வழியைத் தூண்டி நோயைத் தடுப்பது என்பதும் புருடா இல்லை. 1979இல் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஏற்றி, தேமல் வைரஸின் புள்ளிகள் குறைவதைக் காட்டினார். அதற்கும் முன்னால் 1961இல் ராஸ் என்பவர், கீழ் இலையில் வைரஸ் தாக்கின புகையிலைச் செடியில் மேல் இலைகளும் எதிர்ப்பு பெறுவதைக் காட்டிவிட்டார். சாலிசிலிக் வழியைத் தட்டுகிற அசிபென்சோலார் என்ற மருந்து வெளிநாட்டில் தக்காளி பாக்டீரியாப் புள்ளிக்குப் பயன்படுகிறது, ஜப்பானில் நெல் குலைநோய்க்கு புரோபெனசோல் 1970களிலிருந்தே இருக்கிறது. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு வழியை, ஒரு வகை எதிரிக்காக, அளந்து தட்டுபவை. அதிலும் அசிபென்சோலாரை அளவு மீறினால் செடி குறுகி மகசூல் விழும். பாதுகாப்பு இலவசம் கிடையாது.

ஆஸ்பிரின் என்றதும் வாட்ஸப்பில் சுற்றுகிற ‘தக்காளிக்கு மாத்திரை கரைத்து அடியுங்கள்’ ஞாபகம் வரும். அந்த 1979 பரிசோதனையின் தூரத்துப் பேரன்தான் அது. அளவு கூடினால் இலை பொசுங்கும், மாத்திரையில் மருந்தோடு வேறு என்னென்னவோ சேர்ந்திருக்கும். தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் தோட்டத்தில் டானிக் என்ன செய்தது? நடவு முடிந்து வேர் பிடித்த பிறகு சில வரிசைகளுக்கு மட்டும் லேபிளில் சொன்ன மூடிக்கணக்கில் அடித்தேன், பக்கத்து வரிசைகளை வெறுமனே விட்டேன். அடித்த வரிசை பார்க்க அழகு. நல்ல பச்சை, கணுவுக்குக் கணு இடைவெளி நீளம், போகிறவர் வருகிறவர் “என்னங்க போட்டீங்க?” என்று கேட்கிற அளவுக்கு உயரம். காய்ப்புழு இரண்டிலும் ஒன்றுதான். கருகல் அடித்த வரிசையில் குறைந்ததாகச் சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. குச்சி கட்டுகிற ஆட்கள்தான் நீண்ட தண்டு ஒடிகிறது என்று சலித்துக்கொண்டார்கள், ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற வேகத்துக்கு நெட்டைச் செடி தாங்குவதில்லை. ஒரு தோட்டத்துக் கதையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது தெரியும், ஆனால் லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தொடுகிற சரக்குக்கு நான் எதிர்பார்த்தது உயரத்தை இல்லை.

இனி வேர். டானிக்காரர்கள் சுத்தமாக மறந்துவிட்ட பாதி இது. செடியின் பாதுகாப்பு என்றாலே இலைமேல் மருந்தடிப்பது என்று ஆகிவிட்டது, ஆனால் வேருக்கும் இலைக்கும் இடையே நடக்கிற பேச்சுவார்த்தை இல்லாமல் இலைக்குத் தனியாகப் பெரிய பலம் கிடையாது. ஈரோட்டுப் பக்கத்துப் புகையிலை விவசாயிகள் இதை ஹார்மோன் பெயர் தெரியாமலே செய்துவந்தவர்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் இலையில் காரம் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிகோட்டின் தயாராவது இலையில் இல்லை, வேரில். நுனி போனதும் மேலிருந்து இறங்குகிற ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, காயத்தால் ஜாஸ்மோனிக் சேதி வேருக்குப் போகிறது, வேர் நிகோட்டினைச் செய்து தண்ணீர்க் குழாய் வழியாக மேலே அனுப்புகிறது. புழு கடித்தாலும் இதே கதைதான். கடி இலையில், ஆயுதத் தொழிற்சாலை மண்ணுக்குள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மக்காச்சோளத்தில் வேரைப் புழு தின்றால் இலையில் ஆப்சிசிக் அமிலம் கூடி, இலை தின்கிற புழுவுக்கு எதிர்ப்பு ஏறுகிறது என்று அமெரிக்க வேர்ப்புழுவை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் வேர் இலையைப் போல் எடுத்ததற்கெல்லாம் கொதிக்க முடியாது. அது நிற்கிற இடம் அப்படி, சுற்றிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா, அதில் பாதிக்கு மேல் ஒன்றும் செய்யாதவை, சில உதவுபவை. பாக்டீரியாவின் வாசனை பட்ட உடனே பாதுகாப்பை முடுக்கினால் வேர் வளரவே நேரம் இருக்காது. அராபிடாப்சிஸ் வேரில் பார்த்தபோது, பல இடங்களில் பாக்டீரியாவின் அடையாளம் மட்டும் பட்டால் செல்கள் பெரிதாக அசைவதில்லை, பக்கத்தில் காயமும் சேர்ந்தால்தான் முழு எச்சரிக்கை கிளம்புகிறது. களைவெட்டும்போது வேரைக் கொத்திவிட்டு அதே நாளில் தண்ணீர் தேங்க விடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வேர்முடிச்சு நூற்புழுவோ இன்னும் கில்லாடி, நுழைந்த இடத்தில் ஆக்சினைத் தன் பக்கம் திருப்பி, செல்களை ஊதவைத்து அதிலேயே குடியிருந்து தின்கிறது. செம்மண்ணில் தக்காளிக்குப் பின் தக்காளி வைக்கிறவர்கள் செடியைப் பிடுங்கினால் பார்ப்பது அந்த முடிச்சுகளைத்தான்.

இலையில் நோயோடு மல்லுக்கட்டுகிற சாலிசிலிக் அமிலம் வேரில் இன்னொரு வேலையும் பார்க்கிறது, எந்த பாக்டீரியாவை உள்ளே குடிவைப்பது என்று தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. 2015இல் வந்த ஆய்வில், சாலிசிலிக் வழி பழுதான செடிகளின் வேருக்குள் இருந்த பாக்டீரியாக் கூட்டம் சாதாரணச் செடியிலிருந்து மாறியிருந்தது. அதாவது வேர் வந்தவர்களை எல்லாம் அடிப்பதில்லை, ஆள் பார்த்து இடம் கொடுக்கிறது.

இங்கேதான் பின் அலமாரிப் பொட்டலம் வருகிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வகை பாக்டீரியா வேரில் ஒட்டிக்கொண்டால், நோய்க் கிருமியை அங்கேயே அமுக்குவது ஒரு பக்கம், இலைகளையும் தயார் நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு பக்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் சோதித்த பாக்டீரியா வேரில் இருந்தபோது இலைக்கு வந்த எதிர்ப்புக்குச் சாலிசிலிக் அமிலம் தேவைப்படவே இல்லை, ஜாஸ்மோனிக் அமிலத்தையும் எத்திலீனையும் உணர்கிற திறன் இருந்தால்தான் வேலை செய்தது. இதில் அழகு என்னவென்றால் செடி முன்கூட்டியே ஆயுதம் எதையும் செய்து குவிப்பதில்லை. உஷாராக மட்டும் இருக்கிறது, எதிரி வந்ததும் சட்டென்று கிளம்புகிறது. அதனால்தான் மகசூலில் பெரிதாக அடி விழுவதில்லை. ஹார்மோனை இலைமேல் கொட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், எப்போது எந்த வழி என்கிற முடிவு செடியின் கையிலேயே இருக்கிறது.

இன்னொன்று, நம் மண்ணுக்கு ரொம்பப் பொருந்துவது. அதே உட்ரெக்ட் ஆட்கள் பின்னால் கண்டது, வேரில் இந்த உஷார் நிலையைத் தொடங்கிவைக்கிற ஒரு மரபணு, இரும்புச் சத்து கிடைக்காதபோது வேர் செய்கிற வேலையிலும் பங்குபெறுகிறது. அதன் வழியாக வேர் ஸ்கோபொலெட்டின் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது, அது சில கெட்ட பூஞ்சைகளுக்கு ஆகாது, அந்த நல்ல பாக்டீரியாவுக்கு ஒன்றும் செய்யாது. சுக்கான் கல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் பயிர் வெளுத்து இரும்புக்கு அலைவதைக் கோவை ஜில்லாவில் பார்க்காதவர் யார். நம் மண்ணில் நம் தக்காளியில் அது அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் சத்தும் பாதுகாப்பும் வேரில் ஒரே சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது தெரிந்த பிறகு, இலையில் மட்டும் அடிக்கிற பாட்டிலைப் பார்த்தால் எனக்குப் பாதிச் செடிக்கு வைத்தியம் பார்க்கிற எண்ணம்தான் வருகிறது.

பொட்டலத்துக்கு வருவோம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1990களில் டால்க் பொடியில் கலந்து உருவாக்கின வகைதான் இது, லேபிளில் பி.எஃப்.1 என்று ரகம் போட்டிருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்றும் இருக்கிறது. சட்டப்படி கிராமுக்கு 10 கோடிக்குக் குறையக் கூடாது. கிலோ 200 ரூபாய்க்குள். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம். மண்ணில் போட ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கின தொழுவுரத்தில் கலந்து. இலையில் தெளிக்கவும் சொல்கிறார்கள், லிட்டருக்கு 2 கிராம், ஆனால் வேர்ப்பக்கம்தான் அதன் சொந்த ஊர் என்பது என் எண்ணம். நான் குழித்தட்டு நாற்றை நடுவதற்கு முன் கரைசலில் வேர் நனைத்து வைத்தேன், பிறகு எருவோடு கலந்து ஈரம் இருக்கிற மண்ணில் சாயங்காலமாகப் போட்டேன்.

டானிக் வரிசையில் வந்த ‘என்னங்க போட்டீங்க’ இங்கே வரவில்லை. செடி சாதாரணமாகத்தான் இருந்தது. வித்தியாசம் தெரிந்தது மழை விட்டு ஈரம் நின்ற நாட்களில், மற்ற வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி மதியம் துவண்டு மறுநாள் எழாமல் போனபோது, இங்கே செடி செத்து விழுகிற இடைவெளி, அதாவது பொக்கை, குறைவாக விழுந்தது. நடுவில் பிடுங்கிப் பார்த்த செடிகளில் வெள்ளை வேர் நிறைய. இலைச்சுருட்டு வைரஸ் இரண்டு பக்கமும் வந்தது, அதற்கு இந்தப் பொட்டலத்தை நம்ப வேண்டாம், வலைக்குடிலில் வளர்த்த நாற்றும் தாங்குகிற ரகமும் வெள்ளை ஈயைக் கண்காணிப்பதும்தான். காய்ப்புழுவுக்கும் இது மருந்து இல்லை. ஏற்கெனவே வாடி நிற்கிற செடியை எழுப்பாது, நோய் வந்த பிறகு ஓடிப்போய் வாங்குகிறவர்கள் திட்டிக்கொண்டு திரும்புவதற்கு அதுதான் காரணம்.

அரை மார்க் ஏன் குறைத்தேன்? இது உயிருள்ள சரக்கு, அதை உயிரோடு வைத்திருப்பது யார் பொறுப்பு என்பதில் யாருக்கும் தெளிவில்லை. இதே பக்கத்தில் வேறொரு கடையில் தகர ஷீட்டுக்கு நேர் கீழே, சித்திரை வெயிலில், மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கட்டி தட்டின பொடி, தயாரித்த தேதியை விரலால் துடைத்தால் அழிகிற மை. அதில் உயிரோடு எத்தனை இருக்கும் என்று கேட்டால் கடைக்காரர் “பொடி பொடிதானுங்க” என்கிறார். நான் மார்க் போட்ட கடையில் குறைந்தபட்சம் நிழலில், தரையில் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு குறை, காப்பர் மருந்தோடு சேர்க்கக் கூடாது என்பது பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாடல் என்றதும் நம் ஆட்கள் காப்பர் ஆக்சிகுளோரைடை வேரில் ஊற்றுவார்கள், அதன் மேலேயே இதையும் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கின பாக்டீரியாவைக் காசு கொடுத்தே கொன்றதாகிவிடும். கூடவே ட்ரைக்கோடெர்மா போடுகிறவர்களும் பூஞ்சாணக்கொல்லி விஷயத்தில் இதே கவனம் எடுக்க வேண்டும், அதுவே ஒரு பூஞ்சைதானே.

ஒன்று சொல்ல மறந்தேன். ஜாஸ்மோனிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருளான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962இல் முதலில் பிரித்தெடுத்தது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் கூடை கூடையாக மணக்கிறதே, அதே பூ. 1990இல் ஃபார்மரும் ரயனும் அந்த வாசனைப் பொருள் காற்றில் வந்தாலே தக்காளிச் செடி புழுவின் செரிமானத்தைக் கெடுக்கிற புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கிறது என்று காட்டினார்கள். இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது “அப்ப மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவுல தக்காளி வெச்சாப் போதுமாங்ணா?” என்று கேட்டார். போதாது, பூவிலிருந்து வருகிற அளவை நம்பிப் பயிர் வைக்க முடியாது. ஆனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நான்காவது மார்க் அதற்காகத்தான்.

டானிக் பாட்டிலைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டேன், சீல் உடைத்ததை எடுக்க மாட்டார்கள், அது நியாயம். சதவீதமும் பதிவு எண்ணும் கேட்டு கம்பெனிக்கு எழுதச் சொன்னேன், எழுதுகிறேன் என்றார். பதில் வந்தால் இங்கே சேர்க்கிறேன். சூடோமோனாஸ் வாங்குகிறவர்கள் ஆடிப்பட்டத்துக்கு முன்னாலேயே ஒரு போன் போட்டுப் புதுச் சரக்கு எப்போது இறங்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள், தயாரித்த தேதி பழசாக இருந்தால் எடுக்காதீர்கள், வீட்டுக்கு வருகிற வழியில் பைக் டேங்க் மேல் வெயிலில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இல்லை.